தடாகக் கரையில் நிற்கப் பழகிய பெற்றோர்

எங்கள் சிறுவர் நீச்சல் அணியின் முதலாவது பெற்றோர் கூட்டம், கிளிநொச்சியில் ஒரு சனிக்கிழமை மாலை, தடாகத்தை ஒட்டிய பார்வையாளர் படிக்கட்டில் நடந்தது. 31 பிள்ளைகளுக்காக 40 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பரந்தனில் இருந்தும் வட்டக்கச்சியில் இருந்தும் அக்கராயனில் இருந்தும் பேத்தி, பேரனைக் கூட்டிவந்த அம்மம்மாமாரும் அவர்களுள் இருந்தார்கள். ஒரு பயிற்றுவிப்பாளரும் ஓர் உதவியாளரும் மட்டும் இத்தனை பிள்ளைகளை நீருக்குள்ளும் கரையிலும் கவனிப்பது இயலாது என்பதை விளக்கி, விரும்பியவர்கள் தொண்டர்களாக முன்வரவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஒருவரும் கை உயர்த்தவில்லை. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள், சிலர் பிள்ளையின் பையைச் சரிசெய்தார்கள், பின்வரிசையில் இருந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என் பிள்ளைகள் இருவர் அந்த அணியில் நீந்தியதாலும், கூட்டம் நடத்திப் பழக்கமுள்ளவள் என்று பிறர் எண்ணியதாலும் பெற்றோரை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்று வீடு திரும்பும்போது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பு பிழையானது என்பது, அடுத்த சில வாரங்களில் அவர்களுடைய வீட்டு வாசலிலும் வயற்கரையிலும் தையல் இயந்திரத்துக்கு அருகிலும் நின்று தனித்தனியே கதைத்தபோதுதான் விளங்கியது.

அநேகமான தாய்மார் சொன்ன முதற்காரணம் ஒன்றே. "எனக்கு நீந்தத் தெரியாது ரீச்சர். தண்ணிக்குள்ள ஏதும் நடந்தா நான் என்னத்தைச் செய்யிறது?" நீச்சல் அணிக்கு உதவுவது என்றால் நீரில் இறங்குவது என்றே அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் அதைத் தெளிவுபடுத்தவில்லை. மற்றொரு காரணத்தைத் தகப்பன்மார் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். "நாங்கள் படிச்ச ஆக்கள் இல்லை. எங்கட கையில கடிகாரத்தைத் தந்து, பிள்ளையளின்ர நேரத்தைப் பிழையா எழுதிப்போட்டா?" நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு சனிக்கிழமை என்பது ஒரு நாட்சம்பளம் என்பதும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று சொல்லாமல் வரச்சொன்னால் முழு நாளும் போய்விடும் என்று அவர் அஞ்சுவது நியாயமானது என்பதும், மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு அதுவரை தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது நீரைப் பற்றிய நினைவு. வன்னியில் குளம் இல்லாத ஊர் இல்லை. குளத்துக்கோ கிணற்றுக்கோ கிரவல் அகழ்ந்த குழிக்கோ ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் இல்லாத ஊரும் அருமை. 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறிவந்ததைக் கண்டவர்கள் எங்கள் பெற்றோரிடையே இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் நந்திக்கடலின் நீருக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் தன் மகளை நீச்சலுக்கு அனுப்புவதே பெரிய துணிவு. அவர் படிக்கட்டின் மேல்வரிசையில் தடாகத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பதைப் பார்த்து, அக்கறையில்லை என்று நான் எண்ணியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இவற்றைக் கேட்டபிறகு பொதுக்கூட்டத்தில் தொண்டர் கேட்பதை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ஒரு கொப்பியில் அணியின் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். வேலை என்ன, எங்கே நிற்கவேண்டும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், நீரில் இறங்க வேண்டுமா, எழுத வேண்டுமா என்ற விபரங்கள் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இருந்தன. ஒரேயொரு வேலையைத் தவிர மற்ற எதற்கும் நீந்தத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதை எழுதிமுடித்தபோது நாங்களே கண்டோம். பின்பு, அந்த வேலைக்கு யார் பொருத்தமானவர் என்று எண்ணி, அவரைப் பெயர் சொல்லிக் கேட்டோம். பஸ் நடத்துநராக இருக்கும் தகப்பனிடம், "அண்ணை, உங்கட குரல் தடாகத்தின் மறுகரைக்கும் கேட்கும், அடுத்த சுற்றுக்குரிய பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தித் தருவீங்களா? காலை எட்டு மணியில் இருந்து பத்து மணி வரைக்கும் மட்டும்" என்று கேட்டேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தையல் தெரிந்த ஒரு தாய், மல்லாந்து நீச்சலுக்கான எச்சரிக்கைக் கொடிகளைத் தைத்துத் தந்தார். சுவரில் இருந்து 5 மீற்றர் தூரத்தில் தடாகத்துக்குக் குறுக்கே கட்டப்படும் இந்தக் கொடி வரிசையைப் பார்த்தே, முதுகில் நீந்தும் பிள்ளை சுவர் வருவதை அறிந்து கைவீச்சை எண்ணத் தொடங்கும் என்று சொன்னதும், தலையில் அடிபடாமல் காப்பது தன் கொடிதான் என்ற எண்ணத்தோடு அவர் ஒவ்வொரு போட்டிக்கும் முந்தி வந்து தன் கையாலேயே அதைக் கட்டுகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் ஒருவர் பெறுபேற்று மேசையை ஏற்றுக்கொண்டார். தனித்துக் கேட்ட 20 பேரில் மூவர் மட்டுமே மறுத்தார்கள். அவர்களுடைய காரணங்களும் மெய்யானவை.

பயிற்சியில் எங்களுக்கு அதிக நேரம் எடுத்தது நேரக்கணிப்பு. தொடக்கத்தில் ஒரு பாதைக்கு ஒரு நிறுத்தற் கடிகாரம் என்று ஆறு பாதைகளுக்கும் ஆறு பேரை நிறுத்தினோம். அதில் ஒருவர் பொத்தானை அழுத்தத் தவறினால் அந்தப் பிள்ளைக்கு நேரமே இல்லை. இரண்டு தடவைகள் அப்படி நடந்து, ஒரு சிறுமி மீண்டும் தனியே நீந்த நேர்ந்தது. களைத்த உடலோடு நீந்திய அவளுடைய நேரம் அவளுக்குரிய நேரமல்ல. கையால் நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தி நேரம் எடுக்கும் முறையில் ஒரு பாதைக்கு மூவர் நேரம் எடுக்கவேண்டும் என்பதே உலக நீச்சல் சம்மேளனத்தின் விதி. மூன்றில் இரண்டு ஒத்திருந்தால் அதுவே உரிய நேரம்; மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது உரிய நேரம்; ஒரு கடிகாரம் பழுதாகி இரண்டு மட்டும் எஞ்சினால் அவற்றின் சராசரி. 38.42, 38.51, 38.97 செக்கன் என்று வந்தால் 38.51ஐ எழுதவேண்டும், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கக்கூடாது. கணிதம் படித்தவர்களே இந்த இடத்தில் அடிக்கடி தவறினார்கள். ஆறு பாதைக்கு 18 பேரைத் திரட்ட எங்களால் முடியாது என்பதால், இரண்டு பாதைகளை வெறுமையாக விட்டு, நான்கு பாதைகளுக்கு மூவர் வீதம் 12 பேரை நிறுத்தினோம். சுற்றுக்கள் கூடின, போட்டி முடிய முக்கால் மணி நேரம் பிந்தியது, ஆனால் நேரம் குறித்த முறைப்பாடு நின்றுவிட்டது. ஆள் குறைவான அணிகளுக்கு இதையே செய்யச் சொல்வேன்.

கூட்டம் வைத்து விளக்கம் சொல்லி நேரக்கணிப்பைக் கற்பிக்க முடியாது. முதலில் பாடசாலைப் பழக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தேன். எல்லோரும் தலையசைத்தார்கள், கடிகாரத்தைக் கையில் எடுத்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. அதன்பின் வெள்ளிக்கிழமைப் பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கினோம். ஒரு பிள்ளை நீந்தும். மூவர் நேரம் எடுப்பார்கள். மூன்று நேரங்களையும் உரத்து வாசித்து வேறுபாட்டைப் பார்ப்போம். முதல் வாரத்தில் ஒரே நீச்சலுக்கு அரைச் செக்கனுக்கு மேல் வேறுபட்ட கடிகாரங்கள், நான்காம் வாரத்தில் ஒரு செக்கனின் பத்தில் இரண்டு பங்குக்குள் வந்துவிட்டன. யாரும் யாரையும் திருத்தத் தேவை இருக்கவில்லை. தன் நேரம் மற்ற இருவரின் நேரத்தில் இருந்து விலகிநிற்பதைக் கண்டவர், எங்கே பிழைத்தேன் என்று தானே கேட்டார்.

பிழைகள் பெரும்பாலும் ஒரே வகையின. தொடக்கத்தைக் காதால் கேட்டுப் பொத்தானை அழுத்துவது அவற்றுள் முதலாவது. எங்களிடம் மின்னொளி எழுப்பும் கருவி இல்லை. இரு பலகைகளை அடித்து ஒலியெழுப்பும் கிளப்பரையே பயன்படுத்துகிறோம். சின்னப் பிள்ளைகளின் 25 மீற்றர் போட்டி மறுகரையில் தொடங்கும்போது ஒலி எங்களிடம் வந்துசேரச் சுமார் 0.07 செக்கன் பிடிக்கும். நூறிலொரு பங்குவரை எழுதும் விளையாட்டில் அது சிறிய அளவல்ல. ஆகவே பலகைகள் இரண்டும் சேர்வதைக் கண்ணால் பார்த்து அழுத்தவேண்டும். முடிவில், படிக்கட்டில் இருந்து பார்ப்பதுபோல் தள்ளி நின்று பார்த்தால் கை சுவரில் பட்டதா என்று தெரியாது. தடாக விளிம்புக்கு வந்து, குனிந்து, நேர்கீழே சுவரைப் பார்க்கவேண்டும், நீர் தெறித்தாலும் விலகக்கூடாது. நேரம் எடுப்பவருக்கு, உடலின் எந்தப் பகுதி பட்டாலும் அது தொடுகையே. கை வருகிறது என்று முன்கூட்டியே அழுத்துவது இன்னொரு பிழை. எழுதி முடித்து, பதிவாளர் சரி என்று சொல்லும்வரை கடிகாரத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரக்கூடாது. ஈரக்கையால் எழுதும்போது பேனை மை கரைந்துவிடுவதால் பென்சில்தான் உகந்தது. தன் பிள்ளை நீந்தும் பாதையில் எந்தத் தாய் தகப்பனும் நேரம் எடுக்கக்கூடாது என்பதை எங்கள் அணியின் சொந்த விதியாக வைத்தோம். நேர்மையில் சந்தேகம் கொண்டு வைத்த விதியல்ல இது. பிள்ளை முந்திவரும்போது தாயின் கண் சுவரில் நிற்காது, பிள்ளையிலேயே நிற்கும்.

ஒரு விடயத்தில் நாங்கள் பெரிதாகத் தவறினோம், அந்தத் தவறுக்கு நானே பொறுப்பு. நேரக்கணிப்பு நன்றாக நடப்பதைக் கண்ட உற்சாகத்தில், ஒரேயொரு மாலை வகுப்பை மட்டும் நடத்திவிட்டு, இரண்டு தகப்பன்மாரை நீச்சல் முறை நடுவர்களாக நிறுத்தினேன். மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒருசேரச் சுவரைத் தொடவேண்டும் என்ற விதி அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் கையை உயர்த்தி, ஒரு பையன் ஒற்றைக் கையால் தொட்டதாகச் சொன்னார். அந்தப் பையன் அவருடைய அயல்வீட்டுப் பிள்ளை. வேலி எல்லை தொடர்பாக இரு வீட்டாருக்கும் முன்னரே மனத்தாங்கல் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் கண்டது சரியாகவே இருந்திருக்கலாம். எனினும் பையன் அழுதான், தாய் எழுந்து சத்தமிட்டார், அந்தக் குடும்பம் ஆறு வாரங்கள் தடாகத்துக்கு வரவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நடுவராக நின்றவரிடமும் கேட்டேன், ஏனென்றால் ஆயத்தமில்லாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியது நான். இப்போது தீர்ப்புச் சொல்லும் வேலையை முறைப்படி பயிற்சி பெற்ற நடுவர்களிடமே விடுகிறோம். ஒரு முழுப் பருவம் நேரம் எடுத்த பெற்றோர் மட்டும் நடுவரின் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகலாம். ஐயம் இருந்தால் அதன் பயன் நீந்துகிற பிள்ளைக்கே என்பதை அவர்கள் முதலில் கற்கிறார்கள்.

நீந்தத் தெரிந்திருக்கவேண்டிய அந்த ஒரு வேலை மீட்பு. அதற்கு முன்வந்தவர்கள், இரணைமடு வாய்க்காலிலும் ஊர்க்குளங்களிலும் நீந்தி வளர்ந்த தகப்பன்மார். குளக்கட்டில் இருந்து பாய்ந்து மறுகரைக்குப் போனவர்கள். பிள்ளை தத்தளித்தால் உடனே குதிப்பதே வீரம் என்று நம்பியவர்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவது எங்கள் பயிற்சியில் மிகக் கடினமான பகுதியாக இருந்தது. தத்தளிக்கும் ஒருவர் தன்னைத் தொடவருபவரைப் பிடித்து அமுக்கிவிடுவார் என்பதால், கரையில் இருந்து நீளத் தடியை நீட்டுவது முதலாவது, கயிறு கட்டிய மிதவை வளையத்தை எறிவது இரண்டாவது, இவை இரண்டும் உதவாதபோது மட்டுமே மிதவையோடு இறங்குவது. வளையத்தை ஆளுக்கு அப்பால் எறிந்து கயிற்றை இழுத்து அவர் கைக்குக் கொண்டுவரவேண்டும்; ஆளை நோக்கி நேரே எறிந்தால் தலையில் படும். இதை ஒவ்வொருவரும் பத்துத் தடவை எறிந்து பழகினார்கள்.

கண்காணிப்பு வேறொரு வேலை. அதற்கு நீந்தத் தெரியவேண்டியதில்லை, வேறு எதையும் செய்யாமல் நீரைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தால் போதும். மூழ்கும் பிள்ளை கூக்குரலிடும், கையை ஆட்டி அழைக்கும் என்றே நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். உண்மையில் மூச்சுக்குத் திணறும் பிள்ளையால் கூப்பிட முடியாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், உடல் நிமிர்ந்தபடி நகராமல் நிற்கும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். விளையாடுவதுபோலவே தோன்றும். இதை ஆதார வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றிய தாதி ஒருவர் எங்களுக்குச் சொன்னபோது, படிக்கட்டின் மேல்வரிசையில் முதுகைக் காட்டி இருந்த அந்தத் தாய் எழுந்து கீழே வந்தார். "ஓம், சத்தம் வராது" என்று மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அவர் என்னிடம் வந்து, "ரீச்சர், நான் கரையில நிண்டு பாக்கிறன். அது என்னால ஏலும்" என்றார். அவருடைய கதையை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கண்காணிப்புக்கு நாங்கள் வைத்த ஒழுங்கு இது. ஒரே நேரத்தில் இருவர், தடாகத்தின் இரு நீள்கரைகளிலும் நிற்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம், ஏனெனில் வெயிலில் அதற்குமேல் கண் நிலைக்காது. கழுத்தில் விசில் இருக்கும், கையில் தொலைபேசி இருக்காது. தேத்தண்ணியும் மாற்றத்துக்குப் பிறகே. ஆழமான பக்கத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரியாவிட்டால் ஒரு பிள்ளையும் இறங்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் கண்காணிப்பவருக்கு உண்டு. பயிற்றுவிப்பாளரும் அதை மீறமாட்டார். இடி கேட்டால் எல்லோரும் வெளியே வரவேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மீண்டும் இறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இந்த விதி பல பயிற்சிகளைக் கெடுத்தது, பெற்றோர் எவரும் குறை சொல்லவில்லை. இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணப்படும். நீரில் இருந்து எடுத்த பிள்ளை மூச்சு விடாவிட்டால், முதலில் ஐந்து தடவை வாயோடு வாய்வைத்து மூச்சுக் கொடுத்து, பின் நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 மூச்சு என்ற வீதத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தில் தொடரவேண்டும் என்பதைப் பொம்மையில் செய்து பழகினோம். ஒருவர் இதைச் செய்யும்போது இன்னொருவர் 1990க்கு அழைக்கவேண்டும். அவர் யார் என்பதும் வாயிலில் நின்று வண்டிக்கு வழிகாட்டுபவர் யார் என்பதும் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பெயரோடு பலகையில் எழுதப்படும். "யாராவது அழையுங்கோ" என்றால் ஒருவரும் அழைக்கமாட்டார்கள். தொண்டர் கேட்டபோது நான் செய்த பிழையும் அதே பிழைதான்.

உடைமாற்றும் அறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. எந்தப் பெரியவரும், பெற்றோர் என்றாலும், பயிற்றுவிப்பாளர் என்றாலும், பிறருடைய ஒரு பிள்ளையோடு தனியே ஓர் அறையில் இருக்கக்கூடாது. பெண்பிள்ளைகளின் அறை வாசலில் இரண்டு தாய்மார். நீச்சல் உடையில் உள்ள பிள்ளைகளைப் படமெடுத்துப் பகிர்வது தடை. வட்ஸ்அப் குழுவில் பெறுபேறுகளும் நேர அட்டவணையும் மட்டும். சிறுவர் உதவிக்கான 1929 என்ற இலக்கம் இரு அறைகளிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்கு வந்தபிறகுதான், 12 வயதோடு நிறுத்தப்படவிருந்த நான்கு பெண்பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள். வாசலில் தானே நிற்கும் தாய்க்கு மகளை நிறுத்தக் காரணம் இல்லாமல் போனது.

ஆட்களைத் தக்கவைப்பதில் நாட்காட்டிக்கு இருக்கும் பங்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. முதல் வருடம் எங்கள் பெரிய போட்டியை மாசியில் வைத்தோம். காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்தது, வெட்டு இயந்திரம் எப்போது தன் வயலுக்கு வரும் என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் எப்படி வருவார்கள்? நேரம் எடுக்கும் 12 பேரில் ஐவர் வந்தார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரத்திலும், சாதாரண தரப் பரீட்சைக் காலத்திலும் இதே நிலை. இப்போது வருடத் தொடக்கத்தில் வயற்காரப் பெற்றோர் மூவரோடு உட்கார்ந்துதான் போட்டி நாட்களைக் குறிக்கிறோம். ஒரு பாதையில் நேரம் எடுக்கும் ஒவ்வொரு மூவருக்கும் ஒரு மாற்றாள் உண்டு. வரமுடியாதவர் முதல்நாள் இரவு எட்டு மணிக்குள் சொன்னால் போதும், காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்கத் தொடங்கியபோது சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். அக்கராயன் பக்கத்தில் இருந்து வருபவர்களை ஓட்டோ வைத்திருக்கும் ஒரு தகப்பன் ஏற்றிவருகிறார். எரிபொருளுக்கான பணத்தை அணி கொடுக்கிறது, அவர் மறுத்தாலும் கொடுக்கிறது. இலவசமாக வாங்கிய உதவியை நீண்டகாலம் வாங்க முடியாது என்பது என் எண்ணம்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. பிள்ளை வளர்ந்து உயர்தரத்துக்குப் போனதும் பிள்ளையோடு பெற்றோரும் போய்விடுகிறார்கள். மூன்று வருடம் பழகிய கண்ணும் விரலும் அவர்களோடு போய்விடுகின்றன. அதற்காக இந்த வருடம் முதல், புதிதாகச் சேரும் பிள்ளையின் தாயையோ தகப்பனையோ ஒரு பழையவரின் பக்கத்தில் நிறுத்துகிறோம். மூன்றாம் பாதையில் ஒரு புதியவர் நான்காவது கடிகாரத்தை வைத்திருப்பார். அவருடைய நேரம் தாளில் ஏறாது, ஆனால் மற்ற மூன்றோடு ஒப்பிட்டு வாசிக்கப்படும். தன் நேரம் நடுநேரத்தோடு ஐந்து சுற்றுக்கள் தொடர்ந்து நெருங்கிவந்தால் அடுத்த போட்டியில் அவருக்கு இடம். கண்காணிப்புக்கு வரும் புதியவர்களை, முன்பு மேல்வரிசையில் முதுகைக் காட்டி இருந்த அந்தத் தாயின் பக்கத்தில் விடுகிறோம். அவர் அதிகம் கதைப்பதில்லை. பிள்ளைகளின் தலைகளை வாய்க்குள் எண்ணியபடி கரையோரமாக மெதுவாக நடக்கிறார், பக்கத்தில் இருப்பவரும் எண்ணத் தொடங்கும்வரை.